அப்பா தேர்தலில் தோற்ற வருஷம்

நம் வயதில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் நமக்கெல்லாம் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, ஆனால் வெளியே யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போஸ்ட்மாஸ்டர் பெண், டாக்டர் வீட்டுப் பையன், மூலை வீட்டு ரெட்டைச் சடை. நான் செக்ரட்டரி மகள். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்கு அப்பாதான் பதினான்கு வருஷமாகச் செக்ரட்டரி. அதற்கு முன்னால் தாத்தா.

இப்போது நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் மகன் வீட்டில், பதினோராவது மாடியில் இருக்கிறேன். லிஃப்டில் தினமும் பார்க்கிறவர்களுக்குக்கூட நான் யார் என்று தெரியாது. ஆரம்பத்தில் அது என்னவோ போல இருந்தது, இப்போது பழகிவிட்டது. அப்படிப் பழகியதற்கு ஒரு வகையில் என் பத்தாவது வயதில் நடந்ததுதான் காரணம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கோயிலில் முன்னாலிருந்து இரண்டாவது பெஞ்சு எங்களுடையது. எங்கேயும் அப்படி எழுதி வைக்கவில்லை. நாங்கள் தாமதமாகப் போனாலும் அது காலியாகவே இருக்கும். தலைக்கு மேலே ஃபேன். பெஞ்சின் கைப்பிடி எங்கள் வீட்டார் கை பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகியிருந்தது. பண்டிகை விருந்து நடக்கும்போது மற்றவர்கள் ஷாமியானாவுக்குக் கீழே தட்டோடு வரிசையில் நிற்பார்கள். எங்களுக்கு மட்டும் போதகர் அறைக்கே பிரியாணி வரும், மேலே வாழை இலை மூடி. பேராயர் வந்தால் பூச்செண்டு கொடுப்பது நான். நான்கு வருஷமாக நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது என் பிறப்புரிமை என்றே நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் மசி வாசனை அடிக்கும். சபையின் சைக்ளோஸ்டைல் மெஷின் எங்கள் முன்னறையில்தான் இருந்தது. மறுநாள் ஆராதனைக்கான அறிவிப்புத் தாளை அப்பா மெழுகுத் தாளில் டைப் அடித்து, உருளையில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றுவார். கடகடவென்று சத்தம் வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஈரமான ஒரு தாள் வந்து விழும். அதை எடுத்துக் கட்டிலில் பரப்பிக் காயவைப்பது என் வேலை. தப்பு வந்தால் பூசுகிற சிவப்புத் திரவத்துக்கு நெயில் பாலிஷ் வாசனை. அந்த மெஷினை இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது.

அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டெண்ட். நேர்மையானவர், யாரையும் அதட்டிப் பேசாதவர். ஆனால் அவருடைய குடும்ப ஜெபம்கூட ஆண்டறிக்கை மாதிரிதான் இருக்கும். கூரை பழுது பார்த்தது, பாடகர் குழுவுக்கு அங்கி தைத்தது என்று தான் செய்தது ஒவ்வொன்றையும் வரிசையாகக் கடவுளுக்குத் தெரிவித்து, கடைசியில் நன்றி சொல்லி முடிப்பார். அம்மா கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டுவாள்.

அந்த வருஷம் புதுப் போதகர் வந்தார். மொபெட்டில் வருகிற இளவயதுக்காரர். அதுவரைக்கும் சபைக் கூட்டத்தில் யாராவது எழுந்து, "இருக்கிறவரே இருக்கட்டும்" என்பார்கள், எல்லோரும் கை தூக்குவார்கள். புதுப் போதகர், இந்த முறை சீட்டு எழுதிப் போடலாம் என்றார். அப்பாவும் சிரித்துக்கொண்டே, "தாராளமா" என்றார். கூட்டத்தன்று காலையில் அம்மா இருபது பேருக்குக் கேசரிபாத்தும் போண்டாவும் செய்து வைத்தாள். கூட்டம் முடிந்ததும் வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு ஆட்கள் வருவது வழக்கம்.

நான் கோயில் வாசலில் புங்க மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அப்பா வெளியே வந்தார். நடையில் ஒரு வித்தியாசமும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டார். பின்னால் ஒருவர் ஓடி வந்தார்.

"சார், குடை. மறந்துட்டீங்க."

அப்பா அவர் முகத்தைப் பார்க்காமலே குடையை வாங்கிக்கொண்டார். அதை விரிக்கவில்லை. வீடு வரைக்கும் நனைந்துகொண்டே வந்தோம். குடை கொண்டுவந்து கொடுத்தவர்தான் ஜெயித்தவர் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "யாரு, அந்த அண்டா கழுவுறவரா?"

எங்களுக்கு அவரை அப்படித்தான் தெரியும். ஓர் அச்சகத்தில் புத்தகம் தைத்து அட்டை போடுகிற பைண்டர். ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்கு வருவார். எந்த விருந்தாக இருந்தாலும் முடிந்ததும் கோயில் ஹாலுக்குப் பின்னால் குழாயடியில் அவரும் அவர் மனைவியும் குந்திக்கொண்டு பிரியாணி அண்டாக்களைத் தேய்ப்பார்கள். அப்பாவைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஆனால் அப்பா அவரை "வாப்பா, அந்த நாற்காலியை எடுப்பா" என்றுதான் சொல்வார். சபையில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவார் என்பது, சீட்டு எழுதிப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று வாழ்த்துச் சொல்ல யாரும் வரவில்லை. கேசரிபாத்தை நாங்கள் மூன்று பேரும் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"சார், அந்த மெஷினு. நாளைக்கு நோட்டீஸ் அடிக்கணும். போதகர் வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"அது ரிப்பேர்" என்றார் அப்பா. "சரி பண்ணி அனுப்புறேன்."

அரை மணி நேரம் முன்னால்தான் அப்பா அந்த மெஷினில் ஏதோ ஆபீஸ் தாளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பரவால்ல சார். நான் கையாலயே எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளே ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு தாள். கார்பன் வைத்து எழுதியதால் அடித் தாள்களில் எழுத்து மங்கலாக இருந்தது. இப்படி ஐந்து வாரம் போயிற்று. அந்த மெஷின் மேல் அப்பா ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். ஐந்தாவது வாரம் அம்மா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கன்டோன்மென்ட்டில் வேறு சபையா இல்லை என்றாள். செக்ரட்டரி அம்மா என்று பதினான்கு வருஷம் கூப்பிட்ட வாய்கள் இப்போது தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திணறுவதை அவளால் பார்க்க முடியவில்லை. அன்று எனக்கு அவள்மேல் கோபம். இப்போது பாவமாக இருக்கிறது. அந்தப் பட்டம் ஒன்றுதான் அவளுக்கு வீட்டுக்கு வெளியே இருந்தது.

அறுப்பின் பண்டிகைக்கு அப்பாவும் நானும் மட்டும் போனோம். கோயில் முழுக்கக் கரும்பும் பூசணிக்காயும் ராகிக் கதிரும். ஆராதனை முடிந்து விருந்து. போதகர் அறைக்கு இந்த வருஷம் எந்தத் தட்டும் போகவில்லை. புதுச் செக்ரட்டரியும் எல்லோரையும் போல வரிசையில் நின்றுதான் சாப்பிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்பாவும் நானும் வெயிலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் சங்கடப்பட்டு, "சார், நீங்க முன்னால போங்க" என்று ஒதுங்கினார்கள். அப்பா வேண்டாம் என்றார். ஆனால் அவர் காது சிவந்திருந்ததைப் பார்த்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவ ஹாலுக்குப் பின்னால் போனோம். அங்கே புதுச் செக்ரட்டரி, சட்டைக் கையை மடித்துவிட்டு, அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. இன்னும் ஏழெட்டு அண்டா கிடந்தது. அடிப்பிடித்த சோறும் கறிக் கொழுப்பும் சாம்பலும் கலந்த வாசனை. எல்லாம் வாடகைப் பாத்திரம். ஐந்து மணிக்கு வண்டி வந்துவிடும்.

அப்போது போதகர் வந்தார். லிங்கராஜபுரத்தில் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர் இறந்துபோய்விட்டார், வீட்டுக்காரர்கள் வந்து நிற்கிறார்கள், கல்லறைத் தோட்டத்துக்குக் கடிதம் வேண்டும், செக்ரட்டரி உடனே வர வேண்டும் என்றார்.

அவர் எழுந்தார். கையைக் கழுவினார். அண்டாக்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"இத்தனை வருஷம் இது நம்ம வேலைன்னு யாரையும் கேக்காம செஞ்சிட்டேன் சார். இப்போ செக்ரட்டரி வேலை வந்து இதைத் தள்ளுது. யாரைக் கேக்கறதுன்னே தெரியல."

அவர் அப்பாவிடம் உதவி கேட்கவில்லை. மனதில் இருந்ததை அங்கே நின்ற ஆளிடம் சொன்னார், அவ்வளவுதான். அப்பா கோட்டைக் கழற்றினார். மாட்ட ஆணி தேடினார், கிடைக்கவில்லை. என் கையில் கொடுத்தார்.

"நீங்க போங்க" என்றார். "அவங்க வந்து காத்திருக்காங்க."

அப்பா அவரை "நீங்க" என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டுத்தான் போனார்.

இந்த இடத்தில் அப்பாவைப் பெரிய மனிதராகக் காட்டிவிட்டு முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. அப்பாவுக்குக் குந்தி உட்காரவே வரவில்லை. தேங்காய் நாரை எப்படிப் பிடிப்பது என்றும் தெரியவில்லை. அண்டா உருண்டு போய் அவர் காலிலேயே மோதியது. பத்து நிமிஷத்தில் அவர் எழுந்து நின்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். சின்ன அண்டாவை முதலில் முடிக்கலாம், பெரியதை ஊறப் போடலாம், கழுவினதை இந்தப் பக்கம் கவிழ்த்து எண்ணி வைக்கலாம், மூடிகளைத் தனி வரிசையாக வைக்கலாம். உதவிக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு, கையே ஓடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பைண்டர் மனைவி நெற்றியில் விழுந்த மயிரைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். இங்கயும் செக்ரட்டரி வேலை பாக்காதீங்க. வந்து குந்துங்க. இந்தச் சாம்பலைத் தொட்டு, இப்படிச் சுத்தித் தேய்ங்க. உங்களுக்கு இந்த ஒண்ணு போதும்."

அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அப்பா அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். தேர்தலுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். உட்கார்ந்து, அந்த ஒரே அண்டாவை வண்டி வருகிற வரைக்கும் தேய்த்தார். மற்றதையெல்லாம் அந்த மூன்று பெண்களும் முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது அவர் நகக்கண் எல்லாம் கரி. அம்மா கதவைத் திறந்ததும் கேட்டாள்: "யாரு யாரு பாத்தாங்க?"

"எல்லாரும்தான்."

"தோத்ததுக்கு ஊரே பரிதாபப்படணும், அதுக்குத்தானே?" அம்மாவின் குரல் உயரவில்லை. "முன்னால உக்காந்து பெருமை. இப்போ பின்னால குந்திப் பெருமை."

அப்பா சோப்புப் போட்டுக் கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இருக்கலாம்" என்றார் கடைசியில். "அதுவும் இருக்கலாம். ஆனா வேலை இருந்துது."

அப்பாவைத் தண்டித்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். பெருமைக்குச் செய்கிறார் என்று அம்மா நினைத்தாள். தான் ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதாக அப்பாவும் அந்த ஒரு நாள் நினைத்திருப்பார். மூன்று பேருமே சரியாக நினைக்கவில்லை. அன்று ராத்திரி ஜெபத்தில் அப்பா எந்த அறிக்கையும் வாசிக்கவில்லை. "ஆண்டவரே, நான் பொய் சொல்லிட்டேன்" என்றார். அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். அதோடு ஆமென் சொல்லி முடித்துவிட்டார்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டார். சைக்ளோஸ்டைல் மெஷினை பெட்ஷீட்டோடு தூக்கி ஆட்டோவில் வைத்தார். அது சாயாமல் பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இது இட்லி மாவு மெஷினா என்று ஆட்டோக்காரர் கன்னடத்தில் கேட்டார். அப்பாவும் கன்னடத்திலேயே, இல்லை, கோயில் மெஷின் என்றார்.

ஈஜிபுராவில் ஆட்டோ நுழையாத சந்து. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். புதுச் செக்ரட்டரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அறை முழுக்கப் பசை வாசனை. ஓரத்தில் தைத்து வைத்த நோட்டுகள். என் வயதிலிருந்த அவர் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது ரிப்பேர் ஆகவே இல்லை" என்றார் அப்பா. வாசலில் நின்றபடியே சொன்னார். "கொடுக்க மனசு வரல. அதான் பொய் சொன்னேன்."

அவர் மெஷினை வாங்கி உள்ளே வைத்தார். "தெரியும் சார்" என்றார். "அன்னிக்கு உங்க விரல்ல ஈர மசி இருந்துச்சு. அச்சகத்துல இருக்கறவன் கண்ணுக்கு அதுதானே முதல்ல படும்."

"அப்போ ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும். எதுக்கு சார்?"

பிறகு அப்பா தரையில் உட்கார்ந்து, மெழுகுத் தாளை எப்படி மாட்டுவது, மசி எவ்வளவு விடுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் கை அப்பா கையைவிட வேகமாகப் பழகிவிட்டது. அவர் மனைவி எங்களுக்கு டீ கொடுத்தாள். எனக்குக் கொடுத்தது சில்வர் டம்ளர். அவர்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது போலிருக்கிறது, அப்பாவுக்குக் கண்ணாடி கிளாஸ்.

என் கதைக்கு வருகிறேன். அப்பா மாறியதால் நான் மாறிவிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பேராயர் வருவதாக இருந்தது. பூச்செண்டு கொடுக்கப்போவது செக்ரட்டரி மகள். அதாவது அந்தப் பெண். அவள் ஞாயிறு வகுப்பில் என்னிடம் வந்து, "எப்படிக் கொடுக்கணும், நீதானே கொடுத்திருக்கே, சொல்லேன்" என்று கேட்டாள். நான் சொன்னேன். முட்டியை லேசாக மடக்கணும், தலை குனியணும், இடது கையால் கொடுக்கணும், பேராயருக்கு அதுதான் முறை என்றேன்.

அவள் அப்படியே செய்தாள். மஞ்சள் பாவாடை, ரிப்பன், இடது கையில் பூச்செண்டு. பேராயர் வாங்கிக்கொண்டு அவள் தலையில் கை வைத்தார், அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் முன் பெஞ்சுப் பெண்களிடம் ஒரு சலசலப்பு ஓடியது. பின்னால் நின்ற அவள் அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். அண்டா தேய்க்கும்போது அப்பாவை அதட்டிய அதே பெண்மணி. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று விருந்து முடிந்ததும் அப்பா சொல்லாமலே பின்பக்கம் போனார். இப்போது வேட்டியை மடித்துக் கட்டி, பனியனோடு, ஓரளவுக்குக் குந்தப் பழகியிருந்தார். யோசனை சொல்வதில்லை. நானும் போனேன். அந்தப் பெண் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இடது கைன்னு நான் வேணும்னே சொன்னேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, சாம்பலும் எண்ணெயும் மிதந்த ஒரு ஜக் தண்ணீரை எடுத்து, என் புதுக் கவுன் மேல் நிதானமாக ஊற்றினாள். ஊற்றிவிட்டு, "இந்தக் கரண்டியெல்லாம் நீ கழுவு" என்றாள். கழுவினேன். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம். அவள் பேத்திக்குப் போன மாசம்தான் ஞானஸ்நானம்.

அம்மா அன்று கோயிலுக்கு வந்திருந்தாள். கிறிஸ்துமஸ் ஆயிற்றே என்று வந்தாள். பட்டுச் சேலை. ஆனால் பின்பக்கம் வரவில்லை. என்னைத் தேடிக்கொண்டு கடைசியில் வந்தபோது என் கவுனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சுவரோரம் போய் நின்றாள். அவள் நிற்பதை அப்பா கவனிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் அங்கே வந்தார். வெளியூரிலிருந்து வந்தவர் போல, கையில் ரெக்சின் பை. குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முதுகைப் பார்த்து, "யோவ், செக்ரட்டரின்னு இங்க யாருய்யா? சர்டிபிகேட் ஒண்ணு வாங்கணும்" என்றார்.

பெண்கள் எல்லோரும் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அப்பா திரும்பி, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதில் கொஞ்சம் கரி ஒட்டிக்கொண்டது. "உள்ளே இருக்காரு. நீலச் சட்டை. நல்ல மனுஷன், உடனே செஞ்சு கொடுப்பாரு" என்றார். அப்புறம், "எங்கேருந்து வரீங்க? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லய்யா. காலைலேர்ந்து பஸ்ஸுலயே."

"சாப்பாடு இருக்கு. முதல்ல சாப்பிடுங்க."

அந்த ஆள் தயங்கினார். விருந்து முடிந்து பந்தி எடுத்தாகிவிட்டது. தட்டெல்லாம் கழுவி அடுக்கியாகிவிட்டது. "வேணாம், கழுவி வச்சிட்டீங்க. எனக்காக மறுபடியும் எதுக்கு" என்றார்.

சுவரோரம் நின்ற அம்மா அப்போதுதான் முன்னால் வந்தாள். அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து, முந்தானையாலேயே ஈரத்தைத் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"போய் வயிறாரச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள். "தட்டை இங்கயே கொண்டுவந்து போடுங்க. நாங்க கழுவிக்கிறோம்."

சொல்லிவிட்டு, பட்டுச் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, உட்கார இடம் தேடினாள். பைண்டர் மனைவி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.